பத்தரை மணிக்கு எழுதிய நாலு மணி

குளிரறைக் கதவில் கிளிப் வைத்த அட்டை ஒன்று தொங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உள்ளே போய், கதவுக்குப் பக்கத்து அடுக்கில் இருக்கும் உணவுத் தட்டு ஒன்றில் தெர்மாமீட்டர் ஊசியைக் குத்தி, அது காட்டும் எண்ணை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அட்டையைப் பார்த்த தரக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு முதலில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆறு மணி 3.6. எட்டு மணி 3.9. பத்து மணி 3.7. பன்னிரண்டு மணி 3.8. இரண்டு மணி 3.8. நாலு மணி 3.8.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை.

பன்னிரண்டுகூட இன்னும் ஆகவில்லை. நாலு மணி பிறக்கவே இல்லை. அதற்குள் அதற்குப் பெயர் வைத்துக் கையெழுத்தும் போட்டாயிற்று.

அவளுக்கு உள்ளங்காலில் தொடங்கிய சூடு உச்சந்தலை வரை ஏறியது. அந்தத் தொழிற்சாலையில் சமைத்து, தட்டில் அடைத்து, குளிர வைத்து அனுப்பும் சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும் வேகவைத்த காய்கறியும் நாலு மருத்துவமனைகளுக்குப் போகின்றன. அதைச் சாப்பிடுகிறவர்கள் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்கள், பிள்ளை பெற்றவர்கள், வயதானவர்கள். தட்டு ஐந்து டிகிரிக்கு மேலே போகக் கூடாது. பதினோரு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொழிலாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'தரம்மா'. தரம் பார்க்கிற அம்மா என்று அவளிடம் விளக்கம் சொல்வார்கள். லாரியில் ஏற்றுகிறவர்கள் தங்களுக்குள் சொல்லும் விளக்கம் வேறு: "லீவு கேட்டா தரமாட்டா, கையெழுத்து கேட்டா தரமாட்டா, அதான் தரம்மா."

"யாரு எழுதினது இது?" என்று கத்தினாள்.

குளிரறைக்குள்ளிருந்து ஸ்வெட்டர் வெளியே வந்தார். ஐம்பது வயது மனிதர். கம்பெனி கொடுத்த குளிர் கோட்டுக்குள்ளே பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்றை எப்போதும் போட்டிருப்பார். வெயிலில் வீட்டுக்குப் போகும்போதும் கழற்ற மாட்டார். அதனால் அந்தப் பெயர்.

"நான்தாம்மா."

"இப்ப மணி என்ன?"

அவர் அட்டையைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல? மணி என்ன?"

"பத்தரை."

"அப்ப நாலு மணிக்கு எவ்வளவு இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கனவுல வந்து யாராவது சொன்னாங்களா?"

பேக்கிங் மேஜையில் இருந்த பெண்களின் கைகள் நின்றன. யாரோ ஒருத்தி முகக்கவசத்துக்குள் சிரித்தாள்.

"வேலை கொஞ்சம் ஜாஸ்திம்மா, அதுனால..."

"வேலை ஜாஸ்தின்னா? ஜாஸ்தின்னா என்ன வேணா எழுதுவீங்களா? இதைச் சாப்பிடறவங்க வயித்துல தையல் போட்டுப் படுத்திருக்காங்க. அவங்களுக்கு வயிறு கெட்டா எழுந்து ஓடக்கூட முடியாது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா," என்றார் ஸ்வெட்டர். அவர் காதுமடல்கள் சிவந்திருந்தன. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு படியேறிவிட்டாள்.

மாடியில் உற்பத்தி மேலாளரின் அறை. உற்பத்தி மேலாளர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவளை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவனும் அவன்தான். சேர்ந்த முதல் நாளே இருவரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்: வீட்டில் அண்ணே, ஆபீசில் சார். பதினோரு வருஷத்தில் அது ஒருநாளும் தவறியதில்லை.

"சார், இதைப் பாருங்க."

அண்ணன் பார்த்தான். பெருமூச்சு விட்டான். "இதுக்குத்தானே சாஃப்ட்வேர் வாங்கப் போறோம்? கம்ப்யூட்டர் வந்துட்டா இந்தப் பேப்பர் தில்லுமுல்லு எல்லாம் தானா நின்னுடும்."

"கம்ப்யூட்டர் வந்து ஊசி குத்துமா சார்?"

"சும்மா இரு. வெள்ளிக்கிழமை மூணு கம்பெனிக்காரங்க வராங்க. உன் கோபத்தை எல்லாம் அன்னிக்கு வச்சுக்கோ."

அந்த நாலு மருத்துவமனைகளையும் நடத்தும் குழுமத்திடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அடுத்த காலாண்டிலிருந்து உணவுப் பாதுகாப்புப் பதிவுகள் எல்லாம் கணினியில் இருக்க வேண்டும், காகிதம் செல்லாது, நேரில் வந்து சோதிப்போம் என்று அதில் இருந்தது. எந்த மென்பொருளை வாங்குவது என்று முடிவு செய்ய மூன்று பேர்: முதலாளியம்மா, அண்ணன், அவள். மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் வாங்க முடியும்.

வெள்ளிக்கிழமை முதலில் வந்தது நீலச்சட்டை போட்ட ஒரு இளைஞன். எல்லாமே கைப்பேசியில் செய்யலாம் என்றான். சமையல் கொப்பரையா, தட்டு அடைக்கும் இயந்திரமா, குளிரறையா, எதைத் தொட்டாலும் ஒரு கேள்வி வரும், பதிலை அழுத்தினால் போதும் என்றான். முதலாளியம்மாவுக்குப் பிடித்திருந்தது.

"கீழ வாங்க தம்பி," என்றாள் அவள்.

மெல்லிய சட்டையோடு அவனை மைனஸ் பதினெட்டு டிகிரி உறைபனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தடித்த கையுறையைக் கொடுத்தாள். "இதைப் போட்டுக்கிட்டு அழுத்திக் காட்டுங்க." உறை போட்ட விரலை அந்தத் திரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கழற்றிவிட்டு அழுத்தினான். சிக்னல் இல்லை என்றது. எஃகுச் சுவருக்கு நடுவே சிக்னல் எங்கிருந்து வரும்? பாவம், மூன்றாவது நிமிஷம் அவன் பற்கள் தந்தி அடித்தன. வெளியே வந்ததும் சூடாக டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். அவன் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அவன் குளிரறையைப் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

கோபம் இரண்டாவது ஆளிடம் வந்தது.

அவர் டை கட்டியிருந்தார். சுவரில் பெரிய திரையைப் போட்டு, தொழிற்சாலையின் படத்தையே வரைந்து காட்டினார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கட்டம். கட்டமெல்லாம் பச்சை. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, நாற்று நட்ட வயலைப் போல.

"ஆடிட்டர் வந்து நின்னார்னா ஒரே ஒரு பொத்தான் சார். ஆறு மாச ரெக்கார்டும் அழகா பைண்ட் பண்ணின புஸ்தகம் மாதிரி வந்துடும்."

அண்ணன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "ஏதாவது ரீடிங் விட்டுப்போச்சுன்னா?"

டை கட்டியவர் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போலச் சிரித்தார். "அதுக்குத்தான் சார் 'நிரப்பு'ன்னு ஒரு வசதி வச்சிருக்கோம். முன்னாடி இருக்கற ரீடிங்கைப் பார்த்து அதுவே ஒரு நியாயமான நம்பரைப் போட்டுடும். ஒரு வாரம் விட்டுப்போனாலும் ஒரே அழுத்து."

அண்ணன் முகத்தில் வெளிச்சம் பரவுவதை அவள் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். தன் தெர்மாமீட்டர் ஊசியை எடுத்து, முதலாளியம்மாவுக்கு முன்னால் ஆவி பறந்துகொண்டிருந்த டீக் கோப்பையில் விட்டாள்.

"எழுபத்தொண்ணு," என்றாள். "இதை ரெண்டாம் நம்பர் குளிரறைன்னு பதிவு பண்ணுங்க."

அவர் பதிவு செய்தார். கட்டம் சிவப்பானது.

"இப்ப இதைச் சரி பண்ணுங்க."

"தப்பா அழுத்திட்டீங்கன்னா திருத்திக்கலாம் மேடம்," என்று மூன்று இடத்தில் தட்டினார். 3.7. கட்டம் பச்சை.

"நல்லது. இப்ப அந்த எழுபத்தொண்ணு எங்க இருக்குன்னு காட்டுங்க."

அவர் தேடவில்லை. தேட ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். "இறுதி ரெக்கார்டுல அது வராது மேடம். அதெல்லாம் தேவையில்லாத குழப்பம்னு கஸ்டமர்களே கேட்டுத்தான் இப்படிச் செஞ்சோம்."

"கஸ்டமர்களே கேட்டாங்களா? எத்தனை பேரு?"

"பெரும்பாலும் எல்லாரும்தான்."

"கேட்டீங்களா மேடம்?" என்று முதலாளியம்மா பக்கம் திரும்பினாள். குரல் அவள் கட்டுக்குள் இல்லை. "கீழ ஒருத்தர் பத்தரை மணிக்கு நாலு மணி ரீடிங் எழுதினதுக்கு அத்தனை பேரு முன்னாடி கத்திட்டு வந்தேன். அவராவது பேனா எடுத்து, தன் கையால எழுதி, கையெழுத்துப் போட்டு மாட்டிக்கிட்டாரு. இவரு அதையே மெஷின் வச்சு செய்யறாரு. இது உணவுப் பாதுகாப்பு இல்ல மேடம். சுவத்துக்கு வெள்ளையடிக்கிற வேலை."

"உக்காரும்மா," என்றார் முதலாளியம்மா.

"உக்கார முடியல மேடம்."

"அப்ப நின்னுக்கிட்டே அமைதியா இரும்மா."

மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார். அவர் காட்டிய திரை பார்க்கச் சகிக்கவில்லை. சாம்பல் நிறம், பொடி எழுத்து. ஆனால் உறை போட்ட கையோடு அழுத்தப் பெரிய பொத்தான்கள் கொண்ட ஒரு கருவி இருந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் தன்னிடமே எழுதி வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் அனுப்பியது. ஒரு முறை எழுதினால் அழியாது. திருத்தினால் பழைய எண் மேலே கோடு விழும், யார் எதற்குத் திருத்தினார்கள் என்று பக்கத்தில் நிற்கும். குறித்த நேரத்துக்குள் ஊசி குத்தாவிட்டால் அந்தக் கட்டம் சிவப்பாகக் காலியாகவே இருக்கும்.

"எத்தனை நாளைக்கு அப்படி இருக்கும்?" என்று அண்ணன் கேட்டான்.

"எப்பவுமே."

"இது சாஃப்ட்வேரா, போலீஸ் ஸ்டேஷனா?"

அந்தப் பெண் தும்மினார். "மன்னிச்சிடுங்க. ரெண்டும் இல்ல சார், வெறும் நோட்டுதான். ஆனா அதுல பக்கம் கிழிக்க முடியாது."

அன்று முடிவு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் போகும்போது முதலாளியம்மா, "ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டது கம்ப்யூட்டர் ரெக்கார்டுதானே? ரெண்டாவது ஆளோடது சுலபமா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் தலையாட்டினான். அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பஸ் ஜன்னலோரம் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. மாதம் ஒரு முறை இவள் குடும்பம் அங்கே போகும், அடுத்த மாதம் அவர்கள் இங்கே வருவார்கள். அண்ணி பரிமாறினாள். இவள் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். தட்டைத் தவிர வேறெதையும் பார்க்காமல் சாப்பிடுகிற நல்ல மனிதர்.

"திங்கக்கிழமை ரெண்டாவது கம்பெனிக்கு ஓகே சொல்லிடலாம்," என்றான் அண்ணன், சாதாரணமாக.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏன் இப்படி முரண்டு பிடிக்கிற? அந்த மூணாவதை வச்சா தினம் பத்து சிவப்பு நிக்கும். வரவன் எல்லாம் அதைத்தான் பார்ப்பான். ஆர்டர் போச்சுன்னா இருநூறு பேரு வீட்டுக்குப் போகணும். அதை நெனச்சியா?"

"தினம் பத்து சிவப்பு நிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் கை சோற்றில் நின்றது. "என்ன?"

"ரீடிங் ஒழுங்கா எடுத்தா எதுக்கு சிவப்பு வரப்போகுது? விட்டுப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். அதுனாலதான் அந்த ஆளு 'நிரப்பு'ன்னு சொன்னதும் உங்க மூஞ்சி அப்படி மலர்ந்துச்சு."

"ஏய், யார்கிட்ட பேசற? உன்னை இந்த வேலைல சேர்த்துவிட்டது யாரு?"

"நீங்கதான் சார்," என்றாள்.

அண்ணி கையிலிருந்த கரண்டி நழுவிப் பாத்திரத்தில் விழுந்தது. அந்த வீட்டுக்குள் அந்த வார்த்தை அதுவரை நுழைந்ததே இல்லை. அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனான். திரும்பி வரவில்லை. மாடி அறைக் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் வந்தது.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பும்போது வீட்டுக்காரர் முதல் முறையாக வாயைத் திறந்தார். "பிரேக் பிடிக்காத வண்டியை நான் கையெழுத்துப் போட்டு வெளிய விட மாட்டேன். ஆனா அதைச் சோறு திங்கற நேரத்துல சொல்ல மாட்டேன்."

"சும்மா ஓட்டுங்க," என்றாள்.

திங்கட்கிழமை காலை நேராக முதலாளியம்மா அறைக்குப் போனாள். "மேடம், ரெண்டாவதை வாங்கறதுன்னா வாங்கிக்கோங்க. ஆனா உணவுப் பாதுகாப்புப் பொறுப்பாளர்னு இருக்கற இடத்துல என் பேரு இருக்காது. வேற ஆளு பார்த்துக்கோங்க."

"மிரட்டறீங்களா?"

"இல்ல மேடம். முன்கூட்டியே சொல்றேன்."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக இந்தத் தொழிற்சாலையை இரண்டு மடங்காக்கியவர் அவர். எதையும் பார்க்காமல் நம்பியவரில்லை. "மூணாவதை ரெண்டு வாரம் சோதனைக்கு வைக்கச் சொல்றேன். ரெண்டு வாரம்தான். உற்பத்தி நின்னுச்சுன்னா, சுலபமானதை வாங்கிட்டுப் போயிட்டே இருப்பேன். அப்புறம் நீங்க இருக்கறதும் போறதும் உங்க இஷ்டம்."

புதன்கிழமை கருவிகள் வந்தன. முதல் நாள் சமையல் பகுதியில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இயந்திரப் பகுதியிலும் அப்படியே. குளிரறைகளில் காலை முழுக்கப் பச்சை. மதியம் இரண்டு மணிக்கு நாலு குளிரறைக் கட்டங்களும் காலி, சிவப்பு. நாலு மணிக்கும் சிவப்பு. ஆறு மணிக்கு மறுபடி பச்சை. வியாழக்கிழமையும் அதே கதை. வெள்ளிக்கிழமையும் அதே.

"பார்த்தியா?" என்றான் அண்ணன், வராந்தாவில் எதிர்ப்பட்டபோது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அது.

சனிக்கிழமை நாலு மணிக்கும் கட்டங்கள் சிவந்ததும் அவள் எழுந்தாள். இன்று ஸ்வெட்டரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று படி இறங்கினாள். மூலையில் எங்கேயாவது தூங்கிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் வெளியே டீக்கடையில் இருப்பார். என்ன சொல்லிக் கத்துவது என்று வாக்கியங்கள்கூடத் தயாராக இருந்தன.

குளிரறைகளில் யாரும் இல்லை. இரண்டாம் நம்பர் குளிரறையின் கதவு அகலத் திறந்து, ஒரு மரப்பலகை முட்டுக் கொடுத்து நின்றது. அதன் வழியே சரக்கு ஏற்றும் மேடை தெரிந்தது. அங்கே இரண்டு லாரிகள். ஸ்வெட்டர் ஒற்றை ஆளாகத் தள்ளுவண்டியில் தட்டு அடுக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. ஸ்வெட்டர் முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னொரு ஆளு எங்க?" என்றாள்.

"எந்த ஆளும்மா?"

"உங்களோட இன்னொருத்தர் இருப்பாரே."

அவர் தள்ளுவண்டியை நிறுத்தினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவரை பேக்கிங் லைனுக்கு மாத்தி மூணு மாசம் ஆச்சு. மத்தியானம் ரெண்டு லாரி, நாலு ரூமு, நான் ஒருத்தன். ரெண்டு மணிக்கு லாரி வந்தா அஞ்சரைக்குத்தான் முதுகை நிமித்த முடியும். கதவைத் திறந்து மூடிக்கிட்டு இருந்தா லாரி நேரத்துக்குப் போகாது. போகலைன்னா மேலேர்ந்து போன் வரும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே! எழுதியே குடுத்தேனே. ரெண்டு மாசம் முன்னாடி. நீங்கதான் 'பார்த்தேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் குடுத்தீங்க."

அவளுக்கு நினைவில்லை. ஆனால் பொய் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. வாரக் கடைசியில் நாற்பது காகிதங்கள் மேஜைக்கு வரும். நாற்பதிலும் 'பார்த்தேன்' என்று எழுதுவாள். பார்க்காமல் எழுதியிருக்கிறாள். பத்தரை மணிக்கு நாலு மணி எழுதியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கோபம் அப்படியே அவள் பக்கமே திரும்பியது. தெர்மாமீட்டரை எடுத்து, கதவோரம் இருந்த தட்டில் குத்தினாள். 9.4. அடுத்த அடுக்கு 8.8. லாரியில் ஏற்றியிருந்ததில் 10.1. உள்ளே, மின்விசிறிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சுவர் மீட்டர் மட்டும் 3.8 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருந்தது.

"இறக்குங்க," என்றாள்.

"அம்மா?"

"எல்லாத்தையும் இறக்குங்க. நானும் பிடிக்கிறேன்."

லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் மேடையிலிருந்தே அவர் பக்கம் விரலை நீட்டினாள். "இன்னொரு தடவை அடிச்சீங்கன்னா சாவியை வாங்கி சூப்புக் கொப்பரைல போட்டுடுவேன்." அவர் அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

ஒவ்வொரு அடுக்கிலும் 'நிறுத்தி வை' என்ற சிவப்பு ஒட்டியை அவள் ஒட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் ஓடி வந்தான்.

"என்ன பண்ற நீ? நாலு ஆஸ்பத்திரிக்கும் ராத்திரிச் சாப்பாடு இது!"

"பத்து டிகிரி சார்."

"ஒரு மணி நேரம் உள்ள வச்சா இறங்கிடும்!"

"எவ்வளவு நேரமா இப்படி இருக்குன்னு சொல்லுங்க, வச்சுப் பார்க்கலாம். தெரியாதுல்ல? எனக்கும் தெரியாது. மூணு மாசமா தினமும் ரெண்டு மணிலேர்ந்து அஞ்சரை வரைக்கும் இந்தக் கதவு இப்படித்தான் திறந்து கிடந்திருக்கு. பேப்பர்ல மூணு புள்ளி எட்டு. எத்தனை பேரு சாப்பிட்டாங்க, எத்தனை பேருக்கு என்ன ஆச்சு, யாருக்குத் தெரியும்?"

"கத்தாதே. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்! ஆளை எடுத்தது நீங்கதானே?"

சத்தம் கேட்டு முதலாளியம்மாவே இறங்கி வந்துவிட்டார். மேடையில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவள் கையிலிருந்த தெர்மாமீட்டரை வாங்கித் தானே ஒரு தட்டில் குத்திப் பார்த்தார். பிறகு கருவியை வாங்கி நாலு நாள் சிவப்புக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தினமும் அதே நேரம். தினமும் அதே நாலு அறை.

"குளிரறைலேர்ந்து ஆளை ஏன் எடுத்தீங்க?" என்று அண்ணனைக் கேட்டார். குரல் மெல்லியதாக இருந்தது. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அண்ணனுக்கும் பொறுக்கவில்லை. "பேக்கிங்ல தினம் எட்டாயிரம் தட்டு வரணும்னு சொன்னது யாரு மேடம்? புதுசா ஆளு கேட்டேன், இருக்கறவங்களை வச்சு சமாளிங்கன்னு சொன்னது யாரு? சமாளிச்சேன். இப்படித்தான் சமாளிக்க முடிஞ்சுது."

முதலாளியம்மா தெர்மாமீட்டரைத் துடைத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். ஸ்வெட்டர் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆளாளுக்குக் கோபம் இருந்தது. இறக்கி வைக்கத்தான் இடமில்லை.

"ஆஸ்பத்திரிகளுக்கு யாரு போன் பண்றது?" என்றார் முதலாளியம்மா கடைசியில்.

"நான் பண்றேன்," என்றாள் அவள். "மூணு மாசத்தையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்."

அவர் கருவியை அவளிடம் நீட்டினார். "சொல்லுங்க."

ராத்திரிச் சாப்பாடு வராது, வேறு ஏற்பாடு செய்யுங்கள் என்பதில் தொடங்கி, நாலு மருத்துவமனைச் சமையலறை மேற்பார்வையாளர்களிடமும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒருத்தர் நன்றி சொன்னார். இரண்டு பேர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நாலாவது பெண்மணி திட்டவே இல்லை. "எங்க நோயாளிங்க யாராவது இதனால கஷ்டப்பட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த மருத்துவமனைக்காரர்கள் பிறகு தங்கள் பதிவுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, அப்படி எதுவும் தென்படவில்லை என்று எழுதினார்கள். தென்படவில்லை என்பது இல்லை என்பதாகாது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை அவள் நாலு முறை படித்தாள். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு சொல்லில்தான் கண் போய் நின்றது.

குழுமத்திலிருந்து ஆட்கள் வந்து மூன்று நாள் உட்கார்ந்து சோதித்தார்கள். அது முடியும் வரை இரண்டு மருத்துவமனைகள் வேறு இடத்தில் சாப்பாடு வாங்கின. குளிரறைக்கு இரண்டாவது ஆள் திரும்பி வந்தார். பேக்கிங்கின் எட்டாயிரம் ஆறாயிரத்து ஐந்நூறானது. இருநூறு பேரில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆனாலும் அந்த மாதம் முழுக்க எல்லாரும் அவளை வேறு மாதிரி பார்த்தார்கள்.

இதற்கிடையே ஒருநாள் ஸ்வெட்டரிடம் போனாள். அவர் அறைக்குள்ளே அடுக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய், "அன்னிக்கு நான் கத்தினது தப்பு. மன்னிச்சிடுங்க," என்றாள்.

அவர் திரும்பாமலே சொன்னார். "கத்தும்போது மைக் வச்ச மாதிரி கத்தினீங்க. மன்னிப்பு மட்டும் காதுல வந்து சொல்றீங்களேம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. வெளியே வந்து, பேக்கிங் மேஜைக்கு முன்னால் நின்று, அத்தனை பெண்களும் கேட்கும்படி மறுபடியும் சொன்னாள். முகம் எரிந்தது. அவர் வாசலில் நின்று கேட்டார். பொய் எழுதினது தப்புதான் என்று அவரும் சொன்னார், ஆனால் ஒரு வார்த்தைகூடப் பணிவாகச் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது மென்பொருளை வாங்குவதற்கான காகிதம் தயாரானது. முதலாளியம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். அவளும் போட்டாள். பாக்கி அண்ணன். மேடைச் சண்டைக்குப் பிறகு அவன் அவளோடு பேசுவதில்லை. வீட்டுக்கும் வருவதில்லை. அண்ணி மட்டும் இரண்டு நாளுக்கு ஒரு முறை போன் செய்து, "அவரும் தூங்க மாட்டேங்கறார், என்னையும் தூங்க விட மாட்டேங்கறார்," என்று அலுத்துக்கொள்வாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அவன் அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். காகிதத்தை இழுத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டான். அப்போதுதான் அவன் குளிர் கோட்டுப் போட்டிருப்பதை அவள் கவனித்தாள். அது அவன் வயிற்றுக்குப் பொத்தான் போட முடியாத கோட்டு.

"கீழ ரெண்டாவது ஆளு இன்னிக்கு லீவு," என்றான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "லைன்லேர்ந்து யாரையும் எடுக்கல. நானே போறேன்."

அவன் போய்விட்டான். இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்குத் திரையில் அவன் பெயரோடு முதல் கட்டம் பச்சையானது, 4.1. பின்னாலேயே இரண்டாவது, மூன்றாவது. நாலாவது அறை 5.6 என்று சிவப்பாக வந்தது. ஏதோ தப்பு என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதன் கீழே காரணம் ஒரு வரி வந்தது: 'கதவை மூட மறந்தேன். மூடிவிட்டேன். இரண்டு அடுக்குகளைத் தனியாக வைத்திருக்கிறேன்.'

எழுந்து கீழே போனாள். நாலாவது அறையின் கதவு மூடியிருந்தது. உள்ளே அண்ணன் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான். தனியாக வைத்த அடுக்குகள் இரண்டிலும் சிவப்பு ஒட்டி கோணலாக ஒட்டியிருந்தது. அவள் தன் ஊசியை எடுத்து இரண்டிலும் குத்தினாள், பிறகு மற்ற அடுக்குகளிலும் குத்தினாள்.

"நம்பலையா?" என்றான்.

"இல்ல," என்றாள். "இந்த ரெண்டும் போகாதுண்ணே. அந்தக் கீழ் அடுக்கும் ஒண்ணு போகாது. அதையும் எடுத்து வைங்க."

அவன் குனிந்து எடுத்தான். வெளியே லாரி வந்து நின்றது.